முட்டைப் பொடிமாஸ்

முட்டைப் பொடிமாஸ் என்பது வதக்கிய வெங்காயத்தில் கோழி முட்டையை உடைத்து ஊற்றி, உதிரியாகக் கிளறிச் செய்யப்படும் தொடுகறி ஆகும். இது முட்டைப் பொரியல் எனவும் அழைக்கப்படும். தமிழகமெங்கும் சோறு, சப்பாத்தி, பரோட்டா ஆகியவற்றுடன் உண்ணப்படுகிறது. 2019ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் சின்ன வெங்காயம் பயிரிடப்படுகிறது; பொடிமாஸ் செய்ய அதனையும் பயன்படுத்தலாம். குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரையான சாரல் பருவத்தில், அருவியில் குளித்து வருவோர் நாடும் பரோட்டாக் கடைகளில் முட்டை உணவுகளும் சுடச்சுடக் கிடைக்கும்.

தேவையான பொருட்கள்

* முட்டை - 3
* சின்ன வெங்காயம் - 15 (அல்லது பெரிய வெங்காயம் - 1)
* பச்சை மிளகாய் - 2
* எண்ணெய் - 2 தேக்கரண்டி
* கடுகு, கறிவேப்பிலை, மிளகுத்தூள், மஞ்சள்தூள், உப்பு - தேவையான அளவு

செய்முறை

எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய வெங்காயம், மிளகாய் ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்க வேண்டும். மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, முட்டைகளை உடைத்து ஊற்றி, மிதமான தீயில் கிளற வேண்டும். ஈரப்பசை நீங்கி உதிரியானதும் மிளகுத்தூள் தூவி இறக்கலாம்.

ஊட்டச்சத்து

சுமார் 50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், 5 கிராம் கொழுப்பும், 70 கலோரி ஆற்றலும் உள்ளன. இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஒன்பதும், உயிர்ச்சத்து பி12, கோலின் ஆகியவையும் உள்ளன. ஆனால் உயிர்ச்சத்து சி, நார்ச்சத்து ஆகியவை முட்டையில் இல்லை. வெங்காயம் இவற்றைச் சிறிதளவே தருவதால், கீரை, காய்கறி, பழம் ஆகியவற்றையும் உடன் உண்பது நன்று. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. இது ஒரு முட்டையின் ஆற்றலை விட மிகுதி. எனவே எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும்.

முழுமையாக வேகவைத்தல்

பச்சை வெண்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம், பயோட்டின் என்ற உயிர்ச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. வெப்பம் அவிடினைச் செயலிழக்கச் செய்வதுடன், புரதம் எளிதில் செரிக்கவும் உதவுகிறது. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். 71 பாகை செல்சியசு வரை சூடேறினால் அது அழியும். ஆகவே குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் ஆகியோர் அரைவேக்காட்டு முட்டையைத் தவிர்க்க வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளோர் இவ்வுணவை உண்ணலாகாது.

சத்துணவில் முட்டை

தமிழகச் சத்துணவுத் திட்டத்தில் 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை வழங்கப்பட்டது. 2010இல் இது வாரத்திற்கு ஐந்தாக உயர்த்தப்பட்டது. முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது.