செவித்தெறிவினையை அளந்த வரலாறு

மனித உடலின் எலும்புத் தசைகளுள் மிகச் சிறியது நடுச்செவியிலுள்ள ஏந்தியுருத் தசையாகும். பேரொலி எழுங்கால் அது தானாகவே சுருங்கி, ஏந்தியுரு என்னும் சிற்றெலும்பை இழுத்துப் பிடிக்கின்றது. செவித்தெறிவினை எனப்படும் இவ்வசைவை அளக்க முயன்றோரின் வரலாறு, கண்ணுக்கும் கருவிக்குமிடையே மாறிமாறிச் சென்ற வரலாறாகும்.

தொடக்கத்திற் கண்ணே கருவியாயிற்று. 1929 இல் லூஷர் என்னும் மருத்துவர், துளையுற்ற செவிப்பறையினூடாக மனிதரில் இத்தசையின் அசைவை நேரிற் கண்டார். துளையற்ற செவிக்கு இம்முறை உதவவில்லை. 1946 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒற்றோ மெற்ஸ் செவியின் ஒலித்தடையை அளந்து காட்டியபின், செவிப்பறை சிதையாமலே தெறிவினையை அறிதல் கைகூடிற்று.

எனினும் கண்ணின் பணி முடிவுறவில்லை. 1957 இல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியே ஆகியோர் செவிநரம்பை மின்னால் தூண்டும் சாதனத்தை உடலினுட் பொருத்தினர். 1978 இல் மெல்போணில் கிரேம் கிளார்க் பல மின்வாய்கள் கொண்ட சாதனத்தை நத்தைச்சுருளிற் பொருத்தினார். 1990 இல் ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இத்தகைய சாதனம் அனுமதிக்கப்பட்டது. ஒவ்வொரு மின்வாயிலும் எவ்வளவு மின்னோட்டம் தாங்கத்தக்கது என்பதை வளர்ந்தோர் சொல்வர். ஒலியையே அறியாத குழந்தை எங்ஙனம் சொல்லும்? அளவு மிகின் குழந்தை கருவியையே வெறுக்கும். குறையின் பேச்சொலி எட்டாது.

ஆகவே குழந்தைக்காகத் தசையே விடையளிக்கலாயிற்று. சத்திரசிகிச்சையின்போது மின்வாய்கள் ஒவ்வொன்றாகத் தூண்டப்பட, தசைநாண் அசையும் கணத்தை வைத்தியர் நுணுக்குக்காட்டியினூடாகக் கண்டு உரைப்பார். லூஷரின் முறையே மீண்டும் வந்ததெனலாம். ஆயின் மிக நுண்ணிய அசைவை ஒருவர் கண்டதாகவும் மற்றவர் காணவில்லையெனவும் கூறுதல் கூடும். இக்குறையை நீக்கவே அண்மைக்காலத்தில் கணினி துணைக்கழைக்கப்பட்டுள்ளது. நுணுக்குக்காட்டியின் படப்பதிவிலுள்ள படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தசைநாண் எவ்வளவு பெயர்ந்தது என்பதைக் கணினி எண்ணாகத் தருகின்றது.

ஆயினும் எண்ணே முடிந்த உண்மையாகாது. மயக்கமருந்து வாயுக்கள் தெறிவினையைத் தோற்றுவிக்க வேண்டிய மின்னளவை உயர்த்தவல்லன. தசைதளர்த்தும் மருந்துகள் அசைவையே மறைக்கக்கூடும். தளர்ந்த தசையைத் துல்லியமாக அளப்பினும் பெறுவது தளர்ந்த தசையின் அளவே. கண்ணின் ஐயத்தைக் கணினி தீர்க்கலாம். அவ்வெண்ணின் பொருளை உணர்ந்து, குழந்தையின் முகக்குறிப்போடு பின்னர் ஒப்புநோக்கித் திருத்துதல் மனிதர் கடனாகவே எஞ்சுகின்றது.