போன் லைன் வேண்டாம்னு ஒரு நெட்வொர்க்

மரக்காணம் உப்பளப் பக்கம் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், உப்புக்காத்து முதல்ல கடிக்கிறது கனெக்டரைத்தான். பச்சை படிஞ்சு நிக்கும். நெட் வரலைன்னா நான் முதலில் பார்ப்பது அதைத்தான், மோடத்தைத் திட்டுறதெல்லாம் அப்புறம் :-)

இதே கடற்கரையில், கொஞ்சம் தெற்கே, 1998-லேயே இந்தத் தலைவலியை யோசித்து ஒரு நெட்வொர்க் போட்டார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. பண உதவியோடு புதுச்சேரி கிராமங்களில் தொடங்கிய அறிவு மையங்கள். கிராமங்களில் போன் லைனை நம்ப முடியாது. சரி, லைனே வேண்டாம்னு விட்டுட்டாங்க! வில்லியனூர் மையத்தில் டயல்-அப். அங்கிருந்து கிராமங்களுக்கு வி.எச்.எப். ரேடியோவில் பேச்சும் போகும், டேட்டாவும் போகும். கரண்ட் போனால் சோலார்.

எனக்குப் பிடிச்சது இதுதான்: வில்லியனூரில் இன்டர்நெட் படுத்தாலும் ரேடியோ தொடர்பு அறுந்துபோகாது. கோளாறு லைனிலா, ரேடியோவிலா, கரண்டிலான்னு பிரிச்சுப் பார்க்கவும் சுலபம்.

வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போறவருக்கு பிரவுசர் எதுக்கு? காதுல விழுந்தா போதும்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் ஒரு வெப்சைட்டும் உதவலை. சிங்கப்பூரில் டிவியில் சேதி பார்த்த ஊர்க்காரர் ஒருவர் ஊருக்கு போன் போட்டார். அறிவு மையத்து ஒலிபெருக்கி அலறியது. சனம் கடலை விட்டு விலகி ஓடியது. படகும் வலையும் போச்சு, ஆட்கள் தப்பிச்சாங்க.