பாடு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை லைட்ஹவுஸ் குப்பம் போயிருந்தேன். ஊர் சுத்திப் பாக்க இல்லை, துக்கம் விசாரிக்க. என் டீமில் வேலை பார்க்கிற நண்பனோட ஊர் அது.

நடந்ததை முதல்லயே சொல்லிடறேன். ரிலீஸ் வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் நண்பன் வந்தான். "மச்சி, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். நாளைக்கு என் ஷிப்டை நீ பாத்துக்கறியா, ஒரு எட்டு ஊருக்குப் போய்ட்டு வந்துடறேன்"னு கேட்டான். "என் பாட்டைப் பாக்கவே நேரமில்லடா, சனிக்கிழமை போயேன்"னு சொல்லிட்டேன். அவன் பதில் பேசாம சீட்டுக்குப் போய்ட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் அப்பா போய்ச் சேர்ந்துட்டார். அப்போ இவன் ஆபீஸ்ல லாக் பாத்துக்கிட்டு இருந்தான்.

வீட்டுக்குள்ள போனதும் அவங்கம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "வாப்பா, சாப்டியா?" அதுக்கு மேல அங்க உக்கார முடியலை. வெளியே வந்து அவனோட பெரியப்பாகிட்ட பேச்சுக் கொடுத்தேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. ஏரியில மீன் பிடிக்கிறதைப் பத்திச் சொல்லிக்கிட்டு வந்தவர் "இன்னிக்கு யார் பாடு, நாளைக்கு யார் பாடுன்னு கணக்கு இருக்கு தம்பி. நல்ல எடத்துல ஒருத்தரே தெனமும் வலை போட்டுட முடியாது"ன்னார்.

இந்த ஏரியில 'பாடு'ன்னா வலை போடுற இடம், அதுக்கான முறை. இறால் நல்லா விழுற இடங்கள் கொஞ்சம்தான். அதை முறை வைத்துப் பங்கிட்டுக்கிற பழைய ஏற்பாடு இது. ஆராய்ச்சியாளர்கள் வந்து படிச்சுட்டுப் போற அளவுக்குப் பேர் போனது. ஆனா ஏதோ சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. இந்த உரிமை சில சமூகத்துக்கு, சில ஊருக்குத்தான். வெளியில நிக்கிறவங்களோட சண்டை ரொம்ப காலமா இருக்கு. பங்கு போடத் தெரிஞ்ச கைக்கும் வட்டத்துக்கு வெளியே நீளத் தயக்கம்.

எனக்கு அந்த வார்த்தை தொண்டையில மாட்டிக்கிச்சு. நான் சண்டே ஸ்கூல் போய் வளர்ந்தவன். எங்க சர்ச்சுல பாடுன்னா கிறிஸ்துவின் பாடுகள், அடுத்தவனுக்காகப் பட்ட வேதனை. ஏரியில பாடுன்னா பங்கு. என் வாயில பாடுன்னா 'என் பாடு, உன் பாடு'. ஒரே சொல்தான், நான் மூணாவதைப் பிடிச்சிக்கிட்டேன்.

திரும்பும்போது பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வாசல் தூண்லயே எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்காங்க. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே 1613லேயே கெல்டிரியா கோட்டை இருந்தது. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். இந்தக் கரையோட துணியைக் கொடுத்துக் கிழக்கே தீவுகள்ல மசாலா வாங்குறது அவங்க வியாபாரம். துணி மட்டும் போகலைங்கிறதுதான் விஷயம்.

1619ல் பத்தாவியாவை (இன்னிக்கு ஜகார்த்தா) உருவாக்கினாங்க. 1621ல் ஜாதிக்காய்க்காக பண்டா தீவுகளைப் பிடிச்சப்ப, அங்கிருந்த மக்கள்ல பெரும்பாலானவங்களைக் கொன்னாங்க, இல்லேன்னா விரட்டினாங்க. அப்புறம் தோட்டத்துல வேலை செய்ய ஆள் வேணுமே? அதே சமயம் நம்ம கரையில மழை பொய்ச்சு பஞ்சம். பசியில தன்னையே விக்கிறவங்க, பிள்ளையை விக்கிறவங்க. 1622-23ல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரி துறைமுகங்கள்ல இருந்து சுமார் 1,900 பேரை அடிமைகளா கப்பல் ஏத்தியிருக்காங்க. கையில பணம் இருந்திருந்தா இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாமேன்னு கம்பெனி அதிகாரிகள் அங்கலாய்ச்சதும் பதிவாகியிருக்கு.

இவங்க சாமி கும்பிடாதவங்க இல்லை. கோட்டைக்குன்னு போதகர்கள் இருந்தாங்க. 1632ல் இருந்து பத்து வருஷம் இங்கே போதகரா இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன்ங்கிற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பத்தி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவர் செத்த பிறகு 1651ல் அது அச்சானது. பிரசங்கம், படிப்பு, பைபிள் எல்லாமே இருந்தது. ஆனா பசியோட ஒருத்தன் வாசல்ல வந்து நின்னப்ப, அந்தக் கம்பெனி முதல்ல பார்த்தது அவனோட விலையை.

இப்ப இன்னொரு பஞ்சம். பழவேற்காட்டுல இருந்து இருநூறு கிலோமீட்டருக்குள்ளதான், வேலூர்ப் பக்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சம். அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பத்துல, 1870ல் ராணிப்பேட்டையில பிறந்த ஒரு சின்னப் பொண்ணு, பசியில வந்த பிள்ளைகளுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்தாள். எழுந்து வந்து வாங்கிக்கக்கூட சில பிள்ளைகளுக்குத் தெம்பில்லையாம். அந்தப் பொண்ணுதான் ஐடா ஸ்கடர்.

கதை கேக்கிறவங்க உடனே 'அப்பவே சேவை செய்யணும்னு முடிவு பண்ணிட்டாள்'னு நினைப்பாங்க. கிடையாது. நேர் எதிர். இந்த ஊர், இந்தப் பசி, இந்த வெயில் எதுவுமே வேண்டாம்னு அமெரிக்காவுல படிக்கப் போய் அங்கேயே செட்டில் ஆகிறதுதான் அவங்க பிளான். (நம்ம ஆன்சைட் கனவு மாதிரிதான்!) அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு கொஞ்ச நாள் இருந்துட்டுப் போக திண்டிவனம் வந்தாங்க. அங்கே ஒரே ராத்திரியில மூணு பேர் கதவைத் தட்டினாங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவத்துல சிக்கல். ஐடாவோட அப்பா டாக்டர்தான், ஆனா ஆம்பளை டாக்டரை உள்ளே விட மாட்டோம்னாங்க. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. பொழுது விடிஞ்சப்ப மூணு பெண்களும் இறந்திருந்தாங்க.

அதுக்கப்புறம்தான் அவங்க பிளான் மாறுச்சு. அமெரிக்கா திரும்பிப் போய் மருத்துவம் படிச்சு, 1899ல் கார்னெல்ல பட்டம் வாங்கி, 1900ல் வேலூர் வந்தாங்க. வீட்டுலயே ஒத்தைக் கட்டில் வைத்தியம். 1902ல் 40 படுக்கை மருத்துவமனை. 1909ல் நர்ஸிங் பள்ளி. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்னிக்கு சி.எம்.சி. 1960ல் கொடைக்கானல்ல இறந்தாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது, அவங்க அந்த ராத்திரி நல்லவங்களா இருந்ததால ஜெயிக்கலை. அந்த ராத்திரி அவங்களால ஒண்ணுமே செய்ய முடியலை. விடிஞ்சப்புறம் 'என் பாடு வேற, அவங்க பாடு வேற'ன்னு பெட்டியைக் கட்டிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அடுத்த தடவை கதவு தட்டினா எனக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கணும்னு முடிவு பண்ணாங்க, அவ்வளவுதான். தன்னலம் விடுறதுன்னா மெழுகுவத்தி மாதிரி உருகணும்னே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. இது அப்படித் தெரியலை. உக்காந்து படிக்கிறது, பணம் கேட்டு நாலு வீட்டுப் படியேறுறது, கட்டடம் கட்டுறது, அடுத்தவங்களுக்குக் கத்துக் கொடுக்கிறது.

கம்பெனி அதிகாரிகள் கையில இருந்ததும் ஐடா கையில இருந்ததும் ஒரே பைபிள்தான். வாசல்ல நிக்கிறவன் நமக்கு யாருங்கிற கேள்வியிலதான் ரெண்டு வழியும் பிரியுது.

நான் கதவைத் தொறக்கலை. வியாழக்கிழமை தட்டினான், சனிக்கிழமை வான்னுட்டேன். அதை இனிமே மாத்த முடியாது. கிளம்பும்போது நண்பன்கிட்ட "மன்னிச்சிடுடா"ன்னேன். "விட்றா, உனக்கென்ன தெரியும்"னான். தெரியும்டான்னு சொல்ல வாய் வரலை. இங்கே சொல்லிக்கிறேன். அன்னிக்கு எனக்கு அவ்வளவு வேலை ஒண்ணும் இல்லை.

பி.கு: அவன் முப்பதாம் நாள் காரியத்துக்கு ஒரு வாரம் லீவு போடறான். அந்த வாரம் அவன் ஷிப்ட் பூரா என் பேர்ல இருக்கு. இதை எழுதறதால பாவம் கழிஞ்சிடும்னு நினைக்கலை. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, இது என் பாடு.