35 டொலர் கணினியும் காணாமல்போன அரை வோல்ட்டும்

உங்களில் பலர் பள்ளியிலோ வீட்டிலோ ராஸ்பெரி பையைத் தொட்டிருப்பீர்கள். வங்கி அட்டை அளவில் ஒரு பலகை, அதுவே முழுக் கணினி. அது திடீரென்று நின்றுபோனதையும் பார்த்திருப்பீர்கள். அதன் வரலாற்றை இன்று அந்த நின்றுபோன தருணங்கள் வழியாகவே சொல்கிறேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 2000களின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வந்தவர்களுக்கும் முன்னைய மாணவர்களைப் போல நிரல் எழுதிய பழக்கம் இருக்கவில்லை. ஈபன் அப்டனும் அவருடைய சகாக்களும் ஒரு மலிவான கணினி வேண்டும் என்று நினைத்தார்கள். பழுதாகிவிடுமோ என்ற பயமில்லாமல் பிள்ளைகள் நோண்டிப் பார்க்கக்கூடிய கணினி. 2012 பெப்ரவரி 29 அன்று மொடல் பி விற்பனைக்கு வந்தது. விலை 35 டொலர்.

அந்த விலைக்குள் சார்ஜர் இல்லை. வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரைக் குத்தினால் போதும், அதற்காகத்தான் மைக்ரோ யுஎஸ்பி துளை. நல்ல எண்ணம்தான். ஆனால் போனுக்குள் பற்றரி இருக்கிறது. சார்ஜர் கொஞ்சம் தடுமாறினாலும் போன் சமாளிக்கும். இந்தப் பலகையில் பற்றரி இல்லை. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலே கணினி தடுமாறும்.

பள்ளியில் படிக்கும் ஓமின் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். மெல்லிய, நீளமான கேபிள் ஒன்றின் மொத்தத் தடை அரை ஓம் என்று வைப்போம். 1 அம்பியர் மின்னோட்டம் ஓடினால் கேபிளே அரை வோல்ட்டை விழுங்கிவிடும். சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் பலகைக்குப் போவது 4.5தான். முதல் பலகைகளில் யுஎஸ்பி துளைகளுக்கு 140 மில்லி அம்பியர் உருகிகள் வேறு இருந்தன. அவையும் மின்னழுத்தத்தைக் குறைத்தன. விசைப்பலகையில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப விழுந்தது. பலர் மென்பொருளில் பிழை தேடினார்கள். பின்வந்த பலகைகளில் அந்த உருகிகளை எடுத்துவிட்டார்கள்.

அந்த மொடலில் எனக்குப் பிடித்தது டிபி1, டிபி2 என்ற இரண்டு சிறிய சோதனைப் புள்ளிகள். மல்டிமீற்றரின் முனைகளை அவற்றில் வைத்தால் 4.75க்கும் 5.25க்கும் இடையில் காட்ட வேண்டும். குறைந்தால் குற்றவாளி மின்சாரம். ஊகம் வேண்டாம், அளந்து பார் என்று பலகையே சொல்வது போல இருக்கும்.

2014 யூலையில் வந்த பி பிளஸ், அளக்கும் வேலையைத் தானே செய்தது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதன் சிவப்பு விளக்கு அணையும். திரையிலும் எச்சரிக்கை வரும்: முதலில் வானவில் நிறச் சதுரம், பிறகு மின்னல் குறி.

2015 பெப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. புதிதாக வந்த ராஸ்பெரி பை 2ஐ ஒருவர் கமெராவில் படம் எடுத்தார். பிளாஷ் அடித்ததும் கணினி அணைந்துபோனது! மின்சாரத்தைச் சீராக்கும் யு16 என்ற சிறிய சிப்புக்கு மேலே கறுப்பு உறை இல்லை. செனன் பிளாஷின் கடும் ஒளி சிலிக்கனில் பட்டு, ஒளிமின் விளைவால் சிப்பைக் குழப்பியது. அந்தச் சிப்பை மட்டும் மூடினால் சிக்கல் தீர்ந்தது. புளூ டக் ஒரு துண்டே போதும். பலகைக்கு நிரந்தரச் சேதமும் இல்லை.

2019இல் ராஸ்பெரி பை 4 யுஎஸ்பி சி துளையோடு வந்தது. விதிப்படி அங்கே இரண்டு தனித்தனி மின்தடைகள் வேண்டும். ஒன்றையே இரண்டு முனைகளுக்கும் பொதுவாக வைத்திருந்தார்கள். அதனால் உள்ளே சிப் கொண்ட விலையுயர்ந்த கேபிளைக் குத்தினால், சில சார்ஜர்கள் இதை ஒலிக்கருவி என்று நினைத்து மின்சாரமே தரவில்லை. மலிவான சாதாரண கேபிளில் ஒழுங்காக வேலை செய்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தியது. 2023இல் வந்த ராஸ்பெரி பை 5க்கு 5 வோல்ட், 5 அம்பியர் வழங்கி சிபாரிசு செய்யப்படுகிறது. 3 அம்பியர் சார்ஜரிலும் ஓடும், ஆனால் யுஎஸ்பி கருவிகளுக்கு எல்லாமாக 600 மில்லி அம்பியர் மட்டும் விடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? எஸ்டி அட்டையில் எழுதும்போது மின்சாரம் சரிந்தால் கோப்புகள் சிதையலாம். ஒரு வாரம் எழுதிய நிரல் போய்விடும். அப்போது ஒரு பிள்ளை "எனக்குக் கணினி சரிவராது" என்று முடிவெடுத்தால், அதுதான் பெரிய இழப்பு. அந்தப் பிள்ளைக்காகத்தானே இந்தக் கணினியையே செய்தார்கள்.

எனவே உங்கள் பலகை நின்றால் முதலில் மின்னல் குறி வந்ததா என்று பாருங்கள். அடுத்து, தடித்த, குட்டையான வேறு கேபிள் ஒன்றைப் போடுங்கள். பிறகு சார்ஜரை மாற்றுங்கள். யுஎஸ்பியில் குத்தியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும். இவ்வளவும் செய்த பிறகு உங்கள் நிரலில் பிழை தேடலாம்.