நிறமும் புற்றும்: ஒரு விளக்கத்தின் வரலாறு

அமெரிக்காவில் வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்த கருப்பர்கள், அதே நோய் வந்த வெள்ளையர்களைவிடச் சீக்கிரம் சாகிறார்கள். இது புள்ளிவிவரம். ஏன் என்று கேட்கிற இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. இன்று சொல்லப்படும் விடைகளில் ஒன்று ‘மரபணு வம்சாவளி’. அதாவது ஒருவருடைய மரபணுவில் ஆப்பிரிக்க மூதாதையரின் பங்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, அதை நோயோடு பொருத்திப் பார்ப்பது. கேட்பதற்குப் புதுசு. ஆனால் இந்தச் சொல்லாடலுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு.

1896இல் புருடென்ஷியல் இன்சூரன்ஸ் கம்பெனியின் புள்ளியியலாளர் ஃப்ரெடரிக் ஹாஃப்மன், அமெரிக்க நீக்ரோவின் இனக்கூறுகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கருப்பர்கள் அதிகம் சாவதற்குக் காரணம் வாழ்நிலை இல்லை, இனக்கூறுதான் என்பது அவர் வாதம். கம்பெனிக்கு இது வசதி: சாகப்போகிறவனுக்கு எதுக்குப் பாலிசி? (அதே பத்தாண்டில் சென்னை மியூசியத்தில் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்துகொண்டிருந்தார். அளவுகோல் நமக்கும் பழக்கமானதுதான்.) 1906இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்திலிருந்து டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் புள்ளிவிவரங்களைக் கொண்டே பதில் சொன்னார்: சாவு விகிதம் வாழ்நிலையைச் சார்ந்தது, இரத்தத்தை அல்ல.

புற்றுநோயில் விஷயம் இன்னும் விசித்திரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புற்று ‘நாகரிகத்தின் நோய்’. அது கருப்பர்களை அவ்வளவாக அண்டாது என்று மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பல ஆஸ்பத்திரிகள் கருப்பர்களைச் சேர்க்கவில்லை. வந்த நோய் கண்டறியப்படவில்லை. புற்று வரும் வயசுக்கு முன்பே பலர் காசநோயில் போய்ச் சேர்ந்தார்கள். பதிவேட்டில் இல்லாததை உடம்பிலேயே இல்லை என்று வாசித்தது மருத்துவம்.

1964 குடிமை உரிமைச் சட்டமும் 1966இல் நடைமுறைக்கு வந்த மெடிகேர் திட்டமும் ஆஸ்பத்திரிகளின் நிறப்பிரிவினையை உடைத்தன. 1973இல் ஹோவர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், 1950 முதல் 1967 வரையிலான கணக்கை வைத்து, கருப்பரிடையே புற்றுச்சாவு அபாயகரமாகக் கூடியிருப்பதை எழுதினார்கள். அதன்பிறகு கதை தலைகீழ். நோய் அண்டாத இனம், நோய்க்கு எளிதில் ஆட்படும் இனமாயிற்று. உண்மை என்று சொல்லப்பட்டது முழுக்க மாறிவிட்டது. இரத்தத்தைக் கைகாட்டுவது மட்டும் மாறவில்லை.

2009இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருந்துச் சோதனையில் பங்கேற்ற நோயாளிகளை மறுபடி ஆராய்ந்தார்கள். இடைநிலை ஆயுள் வெள்ளையருக்கு 70.6 மாதம், கருப்பருக்கு 20.9. பிறகு கட்டிகளில் எச்.பி.வி. வைரஸைத் தேடினார்கள். வெள்ளையரில் 34 சதவீதம் பேருக்கு இருந்தது. கருப்பரில் 4 சதவீதம். அடிநாக்கிலும் டான்சிலிலும் இந்த வைரஸால் வரும் புற்று, புகையிலையாலும் மதுவாலும் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். வைரஸ் இல்லாதவர்களை மட்டும் ஒப்பிட்டபோது இரு நிறத்தாரின் ஆயுளும் ஏறக்குறைய ஒன்று. நிறம் என்று எண்ணியதில் பெரும்பகுதி, இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரில் எண்ணியதன் விளைவு.

அப்படின்னா வம்சாவளி ஆராய்ச்சியே வேண்டாமா? வேண்டும். கட்டிகளின் மரபணுத் தொகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளையர் கட்டிகளே இருப்பதும் ஓர் ஒதுக்கல்தான். ஆனால் 1972இலேயே ரிச்சர்ட் லெவான்டின் காட்டினார்: மனித மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது. மேலும், வம்சாவளிச் சதவீதம் தனியாக வருவதில்லை. குடியிருக்கும் தெரு, இன்சூரன்ஸ், பிடிக்கும் சிகரெட் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. புகைக்கும் கருப்பர்களில் மிகப் பெரும்பாலோர் மெந்தால் சிகரெட் புகைக்கிறார்கள். கம்பெனிகள் பல பத்தாண்டுகள் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ததன் பலன் அது. 2009 சட்டம் மற்றச் சுவைகளைத் தடைசெய்து மெந்தாலை விட்டுவைத்தது. 2022இல் முன்மொழியப்பட்ட மெந்தால் தடையும் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. இந்த முடிவுகள் எந்த மரபணுவில் எழுதியிருக்கின்றன?

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரத்தத்தைக் குற்றம் சொன்ன வாய், நாளைக்குப் பழக்கத்தைக் குற்றம் சொல்லும்: ‘ஏன் குடித்தான், ஏன் புகைத்தான்?’ இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நோயாளிதான். வாய்ப்புண் ஆறாமல், கையில் இன்சூரன்ஸ் இல்லாமல், முற்றிய பிறகு வந்து நிற்கிற ஆளின் கட்டியை மரபணுவரை படிக்கட்டும். அவர் ஏன் ஆறு மாசம் முன்னாடி வர முடியலை என்பதையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும்.