ஒரே கதவிலக்கம், பல குடித்தனங்கள்

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ‘ஸ்டோர்’ எனப்படும் வீடுகள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. தெருவுக்கு ஒரே வாசல், ஒரே கதவிலக்கம். உள்ளே பல குடித்தனங்கள். இன்று உங்கள் வீட்டுச் சுவரில் விளக்குகள் மினுக்க நிற்கும் ரௌட்டரும் இப்படிப்பட்ட ஒரு ஸ்டோர் வாசலே. இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. அதில் பங்கு பெற்றது. அன்று கணிப்பொறிகள் சிலவே, முகவரிக்குப் பஞ்சமில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது.

இணைய முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே 2-ஐ 32 முறை பெருக்கினால் வரும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. மக்களோ 800 கோடிக்கு மேல்! பற்றாக்குறையை முன்கூட்டியே உணர்ந்த பொறியியலார், 1994-ல் ‘முகவரி மாற்றம்’ என்ற உத்தியை வெளியிட்டனர். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்குவது போன்ற உள் முகவரி. வெளியுலகுக்கு ஒரே முகவரி.

உங்கள் கைப்பேசி ஒரு செய்தியை அனுப்பும்போது, ரௌட்டர் அதன்மேல் வெளிமுகவரியையும் ஒரு ‘போர்ட்’ எண்ணையும் இட்டு, அதைத் தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து தட்டினால்? குறிப்பேட்டில் பதிவில்லை, செய்தி திருப்பப்படும் அல்லது கைவிடப்படும். ‘இந்த எண்ணுக்கு வருவதை இந்தக் கருவிக்குக் கொடு’ என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிவைப்பதே ‘போர்ட் பார்வர்டிங்’.

2011 பிப்ரவரி 3 அன்று உலக இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. பல நிறுவனங்கள் பல வீடுகளையே ஒரு முகவரிக்குள் அடைத்தன: ஸ்டோருக்குள் ஸ்டோர்! இதற்கென 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012-ல் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரௌட்டரின் நிலைப்பக்கத்தில் ‘வான்’ முகவரி இவ்வெண்களில் தொடங்கினால், போர்ட் பார்வர்டிங் எவ்வளவு சரியாக அமைத்தாலும் பலிக்காது. வெளிவாசலின் குறிப்பேடு உங்கள் கையில் இல்லையே!

இதற்கு நிலையான தீர்வு, 128 இலக்கங்கள் கொண்ட ஐ.பி.வி.6. இதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம். தனி வாசல் வந்தால் காவலும் வேண்டும். ‘பயர்வால்’ என்னும் தடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

தியாகராயநகரில் ஒரு மாணவர் தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே ஒரு நூலகத்தை அமைத்து, மதுரை நண்பர் அதைப் படிக்கும்படி செய்ய விரும்பலாம். அந்த நண்பர் நேரே வந்து தட்ட ஒரு வாசல் வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.