நுண்ணுறையாக்கம்

நுண் + உறை + ஆக்கம். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளியையோ துகளையோ மெல்லிய படலத்தால் மூடி, உள்ளிருப்பதை வேண்டிய இடத்தில் வெளிவிடும் நுட்பம். ‘மைக்ரோஎன்காப்சுலேஷன்’ என்பதற்கு ஈடான சொல்.

அந்த அயற்சொல்லின் வேர் இலத்தீன் ‘காப்சுலா’, அதாவது சிறு பெட்டி. தமிழ் ‘உறை’க்குப் பொருள் விரிவு அதிகம்: வாளுறை, தலையணையுறை, அஞ்சலுறை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே வசவசமுத்திரம் அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளிலும் அதே சொல்தான்.

தொழிலில் இந்த நுட்பத்தை நிலைநாட்டியது கார்பன் தாள் இல்லாமலே படியெடுக்கும் தாள். அமெரிக்காவின் என்சிஆர் நிறுவனம் 1950-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறமற்ற சாயம் கலந்த எண்ணெய்த் துளிகளை ஜெலட்டின் உறைக்குள் அடைத்துத் தாளின் பின்புறம் பூசினார்கள். பேனா அழுத்தினால் உறை உடையும்; சாயம் அடித்தாளின் களிமண் பூச்சோடு வினைபுரிந்து எழுத்தாகும்.

உணவுத் துறையில் தெளித்து உலர்த்தும் முறையே பெருவழக்கு. நறுமண எண்ணெயைக் கருவேலப் பிசின் வகைக் கரைசலில் கலக்கிச் சூடான காற்றில் தெளித்தால் நீர் ஆவியாகி, பொடி மிஞ்சும்.

கடலோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் இச்சொல் தேவைப்படுகிறது. இளம் உயிரிகளுக்கான தீவனம் மிக நுண்ணியது. உறையில்லாவிட்டால் சத்து நீரில் கரைந்து தொட்டியையும் கெடுக்கும். உறையிட்ட துகளோ குடலில்தான் செரிக்கும். மீன் குஞ்சுகளுக்கும் இது பொருந்தும். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் நடத்தும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 1997-இல் கொடுவா மீனைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்வித்தது. அம்மீனின் குஞ்சுகளுக்கு முதல் இரை ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு, பிறகு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிர். உயிருள்ள இந்த இரைகளின் செலவைக் குறைக்கவே நுண்ணுறைத் தீவனங்கள் வந்தன.